பாதுகாப்பு உத்தரவை மீறியதாக அண்ணனுக்கு 6 மாதத் தண்டனை: நேராக ஹைகோர்ட் போகலாமா, அப்பீல்தான் வழியா?

மலைக்காற்று:
எல்லாருக்கும் வணக்கம். மூன்று நாளாக இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், இன்றுதான் எழுதத் தைரியம் வந்தது. என் அண்ணன் தனியார் பஸ்ஸில் டிரைவர். அண்ணி பிரிந்து போய் இரண்டு வருடம் ஆகிறது, ஒரு பெண் குழந்தை, 6 வயது. குடும்ப வன்முறைச் சட்டத்தில் அண்ணி மனு போட்டு, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவும் மாதம் 8,000 ரூபாய் ஜீவனாம்சமும் வாங்கினார். போன வருடம் குழந்தையின் பிறந்தநாளுக்கு அண்ணன் ஒரு கவுனும் கேக்கும் வாங்கிக்கொண்டு அண்ணி வேலை பார்க்கும் தையல் கம்பெனி வாசலுக்குப் போயிருக்கிறான். சத்தம் போடவில்லை, கை நீட்டவில்லை, வாசலில் நின்றான், அவ்வளவுதான். அதோடு நாலு மாத ஜீவனாம்சம் பாக்கி. இரண்டையும் சேர்த்து 31-ஆவது பிரிவில் கேஸ் போட்டு இப்போது 6 மாதம் சிறை, 5,000 ரூபாய் அபராதம் என்று தீர்ப்பு வந்துவிட்டது. அப்பீல் போக அவகாசம் கொடுத்து அந்தக் கோர்ட்டே ஜாமீனில் விட்டிருக்கிறது.

ஊரில் ஒரு வக்கீல், செஷன்ஸ் கோர்ட்டெல்லாம் வேண்டாம், மதுரைக் கிளையில் ரிட் போட்டு நீதிமுறை மறுஆய்வு கேட்டால் தண்டனையே உடைந்துவிடும் என்கிறார். இன்னொருவர் அப்பீல் போட்டே ஆக வேண்டும் என்கிறார். அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். எது சரி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொங்குராஜா:
தம்பி, நேராக ஹைகோர்ட் போங்கள். நான் இந்தச் சட்டத்தில் மூன்று வருடம் அலைந்தவன். கீழ்க் கோர்ட் எழுதியதை செஷன்ஸில் அப்படியே உறுதி செய்துவிடுவார்கள், ஒரு வருடம் போய்விடும். குடும்ப வன்முறைச் சட்ட நடவடிக்கை சிவில் தன்மை கொண்டது, எதிர்த்துப் போவதென்றால் அரசியலமைப்பின் 227-இல் வாருங்கள் என்று சொன்னதே நம்ம சென்னை உயர் நீதிமன்றம்தான், 2021 ஜனவரியில். அப்பா குழந்தைக்கு கேக் வாங்கிக்கொண்டு போனதற்கு 6 மாதமா? எந்த நியாயத்தில் சேரும் இது?

வைகைக்கரை வக்கீல்:
மலைக்காற்று தம்பி, பதறாதீர்கள், ஆனால் நாளையும் கடத்தாதீர்கள். நான் 19 வருடமாக கிரிமினல் பக்கம் பிராக்டிஸ் செய்கிறேன், அதில் பாதி மதுரைக் கிளையில். கொங்குராஜா சொன்ன 2021 தீர்ப்பு உண்மைதான், ஆனால் அது 12-ஆவது பிரிவில் மனைவி போடும் மனுவைப் பற்றியது. அந்த மனு சிவில் தன்மை கொண்டது. அந்த மனுவில் வந்த பாதுகாப்பு உத்தரவை மீறினால் அப்போதுதான் 31-இல் குற்றம் பிறக்கிறது. உங்கள் அண்ணன் இருப்பது இந்த இரண்டாவது இடத்தில். இது முழுக் கிரிமினல் தண்டனை, ஒரு வருடம் வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். போலீஸ் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத பிரிவு, கோர்ட் நினைத்தால்தான் கிடைக்கும்.

மாஜிஸ்திரேட் தண்டித்தால் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல், 30 நாளுக்குள். புது நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 415(3). அப்பீலுக்கு வழி இருந்தும் போகாமல் ரிவிஷன், அதாவது சீராய்வு கேட்டு உயர் நீதிமன்றம் வந்தால் 442(4) தடுக்கும், அந்த மனுவை எடுத்துக்கொள்ளவே கூடாது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. ரிட் என்றால் இன்னும் சிக்கல். கோர்ட் விசாரித்துக் கொடுத்த தீர்ப்பு, அரசு அதிகாரி போட்ட ஆணை மாதிரி அரசியலமைப்பின் 226-இல் ரத்தாகாது. 1966-இல் மிரஜ்கர் வழக்கிலும் 2015-இல் ராதே ஷியாம் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதன் அடிப்படையைச் சொல்லிவிட்டது. 227 மேற்பார்வை அதிகாரம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் பக்கத்திலேயே அப்பீல் கதவு திறந்து கிடக்கும்போது அதில் நுழையாமல் வந்தவரை நீதிபதி முதல் கேள்வியிலேயே திருப்பி அனுப்புவார். அதற்குள் உங்கள் 30 நாள் போயிருக்கும்.

இன்னொன்று, சிலர் மறுஆய்வு மனு என்று அதே மாஜிஸ்திரேட்டிடம் போடச் சொல்வார்கள். கிரிமினல் தீர்ப்பில் கையெழுத்து விழுந்துவிட்டால் எழுத்துப்பிழை, கணக்குப்பிழை தவிர எதையும் அவரே மாற்ற முடியாது, 403-ஆவது பிரிவு.

நாலு விவரம் எழுதுங்கள். தீர்ப்பு வந்து எத்தனை நாள்? சான்றிட்ட நகல் கைக்கு வந்ததா? வழக்கு எண்ணுக்கு முன்னால் எஸ்.டி.சி. என்று இருக்கிறதா, சி.சி. என்று இருக்கிறதா? பாதுகாப்பு உத்தரவில் என்னென்ன தடை போட்டிருக்கிறது, வார்த்தைக்கு வார்த்தை?

மலைக்காற்று:
சார், ரொம்ப நன்றி. தீர்ப்பு வந்து இன்றைக்கு 11 நாள். அன்றே ஒரு நகல் கொடுத்தார்கள். எண் எஸ்.டி.சி. என்றுதான் ஆரம்பிக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. உத்தரவு அண்ணனிடம் எங்கேயோ இருக்கிறது, தேடச் சொல்லியிருக்கிறேன். அப்பீல் போட்டால் ஜாமீன் ரத்தாகிவிடுமா?

ஓய்வுபெற்ற கிளார்க்:
தம்பி, நான் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. எஸ்.டி.சி. என்றால் சுருக்கமுறை விசாரணை, சி.சி. என்றால் சாதாரண முறை. இந்தச் சட்டத்தின் 2006-ஆம் ஆண்டு விதிகளில் 15-ஆவது விதி, பாதுகாப்பு உத்தரவு மீறலைச் சுருக்கமுறையில் விசாரிக்கச் சொல்கிறது. அப்படி விசாரித்தால் 3 மாதத்துக்கு மேல் சிறைத்தண்டனை கொடுக்க சட்டத்தில் இடமில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 262(2), இப்போது பி.என்.எஸ்.எஸ்.ஸில் 285(2). உங்கள் அண்ணனுக்கு 6 மாதம். புரிகிறதா?

ஆனால் எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். நம்பர் எஸ்.டி.சி. என்று விழுந்திருக்கும், நடுவில் மாஜிஸ்திரேட் இது சுருக்கமுறைக்கு ஏற்றதில்லை என்று சொல்லி, சாட்சிகளைத் திரும்ப அழைத்து சாதாரண முறைக்கு மாற்றியிருப்பார். அப்படியானால் 6 மாதம் தப்பில்லை. தீர்ப்பின் முதல் இரண்டு பக்கத்தையும் வாய்தாவுக்கு வாய்தா நடந்ததை எழுதும் டாக்கெட் ஷீட்டையும் பாருங்கள், மாற்றியிருந்தால் அதில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்.

அப்புறம், அன்றே கொடுத்த இலவச நகல் இருந்தாலும் காப்பி மனு போட்டு சான்றிட்ட நகல் வாங்கிவிடுங்கள். அதன் பின்பக்கம் முத்திரையில் மனு போட்ட நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் என்று வரிசையாக எழுதியிருக்கும். நகலுக்காகக் காத்திருந்த நாட்கள் 30 நாள் கணக்கில் சேராது. ஆனால் அந்தச் சலுகையை நம்பி உட்காராதீர்கள். எத்தனையோ பேர் 33-ஆவது நாள் ஓடி வந்து தாமத மன்னிப்பு மனுவோடு நின்றதை நான் என் மேஜையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஜாமீன் பற்றிக் கேட்டீர்கள். இப்போது விட்டிருப்பது அப்பீல் போடும் வரைக்கும்தான். அப்பீலோடு சேர்த்து தண்டனையை நிறுத்திவைக்க ஒரு கிரிமினல் எம்.பி., அதாவது துணை மனு, போட வேண்டும், 430-ஆவது பிரிவு. இந்த மாதிரி குறைந்த தண்டனையில் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

செவ்வந்தி:
நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மலைக்காற்று, நீங்கள் "வாசலில் நின்றான், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் கையிலும் அதே மாதிரி ஓர் உத்தரவு இருந்தது. லேமினேட் செய்து கைப்பையில் வைத்திருந்தேன், மடித்து மடித்து எழுத்து அழிந்துவிடக் கூடாது என்று. அவர் என் ஆபீஸுக்கு எதிரில் இருந்த டீக்கடையில் வந்து நிற்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் வெளியே வரும் நேரத்துக்குக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த டீ ஆறி ஏடு படிந்திருக்கும், குடிக்க மாட்டார். ஒருநாள் 40 நிமிடம் நின்றார், நான் ஆபீஸ் கழிவறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அந்த 40 நிமிடமும் நின்றேன். காவல் நிலையத்தில் சொன்னால் "அவர் ஒண்ணும் செய்யலையேம்மா" என்றார்கள். அவர் எதுவும் செய்யத் தேவையில்லை. அதற்கு முந்தைய ஏழு வருடத்தில் செய்தது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அவரும் ஒருமுறை பையனுக்கு பொம்மை கார் வாங்கி வந்தார்.

உங்கள் அண்ணன் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அவரைத் தெரியாது. ஆனால் குழந்தை வீட்டிலோ பள்ளியிலோ இருக்கும். தையல் கம்பெனியில் இருப்பது அம்மாதான். கவுனை எதற்கு அங்கே கொண்டு போனார்?

கொங்குராஜா:
சகோதரி, உங்களுக்கு நடந்தது கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் எல்லா ஆணையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஒரு பெண்ணின் சாட்சியம் மட்டுமே போதும் என்று 32-ஆவது பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். மகளைப் பார்க்காமல் இரண்டு பிறந்தநாள் போன அப்பாவுக்கு என்ன வழி என்று அந்தச் சட்டத்தில் யாரும் யோசிக்கவில்லை. என் மகனுக்கு இப்போது 11 வயது, அவன் குரல் எப்படி மாறியிருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

வைகைக்கரை வக்கீல்:
கொங்குராஜா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் வழி இல்லை என்பது சரியில்லை. 21-ஆவது பிரிவிலேயே குழந்தையைப் பார்க்க ஏற்பாடு செய்ய மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. குடும்ப நீதிமன்றத்தில் ஜி.டபிள்யூ.ஓ.பி., அதாவது காப்பாளர் சட்டத்தில் குழந்தைக்கான மனு, போடலாம். சூழ்நிலை மாறியிருந்தால் உத்தரவைத் திருத்த 25(2)-இல் இரண்டு தரப்புமே கேட்கலாம். உத்தரவே தப்பு என்றால் 29-இல் அப்பீல், அதற்கும் 30 நாள். இத்தனையும் இருக்க, எதையும் செய்யாமல் நேராக வாசலுக்குப் போவதைத்தான் 31 தண்டிக்கிறது. உத்தரவு தப்பாகவே இருந்தாலும் மேல்கோர்ட் ரத்து செய்யும் வரை அது உத்தரவுதான்.

செவ்வந்தி மேடம் கேட்ட கேள்வியைத்தான் செஷன்ஸ் நீதிபதியும் கேட்பார், தம்பி.

மலைக்காற்று:
செவ்வந்தி அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பதில் சொல்லத் தெரியவில்லை. அண்ணனிடம் கேட்டேன். பள்ளியில் விட மாட்டார்கள், அண்ணியின் அப்பா வீட்டுக்குப் போனால் அடிதடி ஆகும், அதனால் கம்பெனி வாசலுக்குப் போனேன், அவளிடம் கொடுத்தால் குழந்தைக்குப் போய்ச் சேரும் என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவளையும் பார்க்கணும்னு இருந்துச்சு என்றான்.

ஒரு விஷயம் இங்கே சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு வந்த அன்று ராத்திரி நான்தான் அண்ணிக்கு போன் செய்தேன். கெட்டதாக ஒன்றும் பேசவில்லை, கேஸை வாபஸ் வாங்குங்கள் அண்ணி, அம்மா முகத்துக்காகவாவது என்று கேட்டேன். அழுதேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். மறுநாள் வாட்ஸ்அப்பிலும் ஒரு செய்தி போட்டேன். இது தப்பா?

வைகைக்கரை வக்கீல்:
தம்பி, இன்றோடு நிறுத்துங்கள். இனி ஒரு போன், ஒரு செய்தி, சொந்தக்காரர் மூலம் ஒரு தூது எதுவும் கூடாது.

18-ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட் போடக்கூடிய தடைகளைப் பாருங்கள்: வேலை பார்க்கும் இடத்துக்குள் போவது, நேரிலோ எழுத்திலோ போனிலோ மின்னணு வழியிலோ எந்த வகையில் தொடர்புகொள்ள முயல்வதும், வன்முறைக்கு உடந்தையாக இருப்பதும். உங்கள் அண்ணன் சொல்லி நீங்கள் பேசினீர்கள் என்று அந்தப் பெண் ஒரு மனு போட்டால், அவருக்கு இரண்டாவது மீறல் வழக்கு. தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கும் மனுவில் அரசுத் தரப்பு எழுந்து நின்று இதைச் சொன்னால் போதும், உள்ளே போய்விடுவார். நல்ல எண்ணத்தில் பேசினேன் என்பது உங்களுக்குத் தெரியும். தோற்றுப்போன புருஷனின் தம்பி ராத்திரியில் போன் செய்து அழுகிறான் என்றால் அந்தப் பக்கம் அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

வாபஸ் வாங்கச் சொல்வதில் பலனும் இல்லை. 31 சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. உண்மையிலேயே இரண்டு பக்கமும் மனதார ஒத்துவந்தால் உயர் நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தில் ரத்து செய்யலாம், தண்டனைக்குப் பிறகும்கூட, 2021-இல் ராம்கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் அது வக்கீல் மூலம், மத்தியஸ்த மையம் மூலம் நடக்க வேண்டியது.

செவ்வந்தி:
நீங்கள் அழுததை நான் நம்புகிறேன், தம்பி. ஆனால் எனக்கும் இப்படித்தான் ஒவ்வொருவராக வந்தார்கள். மாமியார், நாத்தனார், அவர் அலுவலக நண்பர், கோயில் பூசாரி வரைக்கும். எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் கும்பிட்டுத்தான் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் நான்தான் ஏதோ கொலை செய்தவள் மாதிரி தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். உங்கள் அண்ணியை விட்டுவிடுங்கள்.

வைகைக்கரை வக்கீல்:
இப்போது சட்டத்தில் உங்களுக்கு உண்மையிலேயே பலமாக இருக்கும் இடத்துக்கு வருகிறேன். தீர்ப்பில் ஜீவனாம்ச பாக்கியையும் வாசலில் நின்றதையும் சேர்த்தே மீறல் என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். 31 தண்டிப்பது பாதுகாப்பு உத்தரவு மீறலையும் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு மீறலையும்தான். பாதுகாப்பு உத்தரவு என்றால் 18-ஆவது பிரிவில் போடுவது என்று 2(ஓ)-வில் வரையறையே இருக்கிறது. ஜீவனாம்சம் 20-இல் வருவது, பணப் பரிகாரம். அது வராவிட்டால் வசூலிக்கத் தனி வழிகள் உண்டு, சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்லலாம். 2022-இல் சுனீஷ் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம், ஜீவனாம்சம் கட்டாததற்கு 31-இல் தண்டிக்க முடியாது என்று தெளிவாகச் சொன்னது. எல்லா உயர் நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை, பணம் தராமல் விடுவதும் பொருளாதார வன்முறைதானே என்று எதிர்ப்பக்கம் வாதிடுவார்கள், அந்த வாதத்தை ஏற்ற தீர்ப்புகளும் உண்டு. ஆனாலும் இது நிற்கக்கூடிய வாதம்.

அதற்காக பாக்கியை வைத்துக்கொண்டு அப்பீலுக்குப் போகாதீர்கள். 32,000 ரூபாயைப் புரட்டிக் கோர்ட்டில் கட்டிவிட்டு, கட்டிய ரசீதோடு வாதாடுங்கள். குழந்தைக்குச் சோறு போடும் பணம் அது.

கொங்குராஜா:
வக்கீல் சார், 2025 மே மாதம் சௌரப் குமார் திரிபாதி வழக்கில் உச்ச நீதிமன்றமே, குடும்ப வன்முறை வழக்கை பி.என்.எஸ்.எஸ். 528-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று சொல்லிவிட்டதே. அப்புறம் ஏன் தம்பியை அப்பீலுக்குத் தள்ளுகிறீர்கள்?

வைகைக்கரை வக்கீல்:
நல்ல கேள்வி. அந்தத் தீர்ப்பும் 12-ஆவது பிரிவு மனு நிலுவையில் இருக்கும்போது அதை ரத்து செய்யக் கேட்பதைப் பற்றியது. அதிலும், பெண்களின் பாதுகாப்புக்கான சட்டம் என்பதால் மிகுந்த எச்சரிக்கையோடு, வெளிப்படையான சட்டமீறலோ அநீதியோ இருந்தால் மட்டும் என்று கட்டுப்படுத்தித்தான் சொன்னார்கள். இங்கே சாட்சி விசாரணை முடிந்து, தண்டனையும் வந்துவிட்டது. சாட்சியத்தை முழுதாகத் திரும்ப எடைபோடும் ஒரே இடம் செஷன்ஸ் அப்பீல். அங்கே தோற்றால் 90 நாளுக்குள் ரிவிஷனுக்கு மதுரை வரலாம், ஆனால் ரிவிஷனில் உயர் நீதிமன்றம் சட்டப்படி சரியா, முறைப்படி நடந்ததா என்று பார்க்குமே தவிர, அந்த சாட்சி பொய் இந்த சாட்சி மெய் என்று திரும்ப ஆரம்பிக்காது. அப்பீலை வீணடித்துவிட்டு ரிவிஷனில் போய் உண்மையை நிரூபிக்கிறேன் என்று வருகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

நீலமேகம்:
நடுவில் ஒரு சந்தேகம். என் நண்பருக்கும் இதே பிரிவில் தண்டனை, அவர் அரசு ஊழியர். தண்டனையை நிறுத்திவைத்தால் வேலைக்கு ஆபத்து இல்லைதானே?

வைகைக்கரை வக்கீல்:
ஆபத்து உண்டு. தண்டனை நிறுத்திவைப்பு வேறு, குற்றத்தீர்ப்பு நிறுத்திவைப்பு வேறு. குற்றத்தீர்ப்பு நிற்கும் வரை அரசியலமைப்பின் 311(2)-இன் விதிவிலக்கில் துறை விசாரணை இல்லாமலே நடவடிக்கை எடுக்க முடியும். அவர் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தையும் கேட்க வேண்டும். முதல் தடவைத் தவறு, நன்னடத்தைப் பிணையில் விடுங்கள் என்று 4-ஆவது பிரிவில் கேட்கலாம், அப்படி விட்டால் தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று 12-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த நடத்தையை வைத்துத் துறை தனியாக நடவடிக்கை எடுப்பதை அது தடுக்காது. மலைக்காற்றுக்கும் இந்த 4-ஆவது பிரிவு பொருந்தும், மாற்று வேண்டுகோளாக அப்பீலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

செவ்வந்தி:
அந்தப் பிணையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என்னைக் கேட்டிருந்தால், அவர் ஜெயிலுக்குப் போகட்டும் என்று சொல்லியிருக்க மாட்டேன். போய்விட்டு வந்தால் இன்னும் கோபத்தோடு வருவாரோ என்றுதான் பயந்தேன். டீக்கடைக்கு வராமல் இருந்தால் போதும். ஒரு வருடம் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டேன், காட்டினால் உள்ளே போடுங்கள் என்று எழுதிக் கொடுக்க வைத்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

மலைக்காற்று:
எல்லாருக்கும் பதில். உத்தரவு கிடைத்துவிட்டது. பைக் சீட்டுக்கு அடியில் ஆர்.சி. புத்தகக் கவருக்குள் நாலாக மடித்து வைத்திருந்தான், மழையில் நனைந்து ஓரம் பழுப்பாகி ஒட்டிக்கொண்டிருந்தது. நேற்று ராத்திரி அம்மாவையும் உட்காரவைத்துக்கொண்டு திண்ணையில் போன் வெளிச்சத்தில் சத்தமாகப் படித்தோம். முழுக்கத் தமிழில்தான் இருக்கிறது. மூன்றாவது பத்தியில், மனுதாரர் பணிபுரியும் இடத்துக்குச் செல்லக் கூடாது, நேரிலோ தொலைபேசியிலோ பிறர் மூலமாகவோ தொடர்புகொள்ளக் கூடாது என்று இருக்கிறது. பிறர் மூலமாகவோ என்ற வார்த்தையை நான்தான் படித்தேன். படித்துவிட்டு நிறுத்திவிட்டேன், அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

அண்ணன் அந்தத் தாளை இதுவரை முழுதாகப் படித்ததே இல்லையாம். வாங்கின அன்று வக்கீல் "ஜீவனாம்சம் 8,000 போட்டிருக்காங்க" என்று சொன்னதோடு மடித்து வைத்துவிட்டான். அண்ணியின் எண்ணை என் போனிலிருந்து எடுத்துவிட்டேன்.

தீர்ப்பையும் கிளார்க் ஐயா சொன்ன மாதிரி பார்த்தேன். முதல் பக்கத்திலேயே சுருக்கமுறையில் விசாரிக்கப்பட்டது என்று இருக்கிறது, மாற்றியதாக எங்கேயும் இல்லை. வாட்ஸ்அப் செய்திகள் என்று இன்னொரு மீறலும் அதில் இருக்கிறது, அது புகாருக்கு 14 மாதத்துக்கு முன்னால் நடந்தது.

ஓய்வுபெற்ற கிளார்க்:
அப்படியானால் 3 மாத வரம்பு உங்களுக்கு நேராக உதவும். 14 மாதத்து விஷயத்தை வக்கீலிடம் விடாமல் சொல்லுங்கள். ஒரு வருடம் வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு ஒரு வருடத்துக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும்.

வைகைக்கரை வக்கீல்:
ஐயா சொல்வது சரி. 2022-இல் காமாட்சி வழக்கு, நம்ம தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான், அதில் உச்ச நீதிமன்றம் 12-ஆவது பிரிவு மனுவுக்குக் காலவரம்பு இல்லை, 31-இன் குற்றத்துக்கு மீறல் நடந்த நாளிலிருந்து கணக்கு என்று விளக்கியது. தாமதத்தை மன்னிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு, இங்கே அப்படி மன்னித்து உத்தரவு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

வாசலில் நின்றதை மட்டும் இல்லவே இல்லை என்று சொல்ல வேண்டாம். கேமரா பதிவு இருக்கிறதா?

மலைக்காற்று:
இருக்கிறது சார். 22 நிமிடம் நின்றிருக்கிறான். எங்களிடம் 5 நிமிடம் என்று சொல்லியிருந்தான்.

கொங்குராஜா:
கோர்ட்டில் எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. ஒத்துக்கொண்டால் முடிந்தது.

வைகைக்கரை வக்கீல்:
ஒத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை, பொய் சொல்லாதே என்கிறேன். பதிவு கோப்பில் இருக்கும்போது இல்லை என்று வாதாடினால், நல்ல மூன்று வாதமும் அந்த ஒரு பொய்யோடு சேர்ந்து போய்விடும். ஜீவனாம்சம் 31-இல் வராது, 6 மாதம் சட்டவிரோதம், 14 மாதத்துச் செய்தி காலம் கடந்தது. மிச்சம் இருப்பது வாசல் மட்டும். அதற்கு முதல் தடவை, கை ஓங்கவில்லை, பாக்கி கட்டியாயிற்று, இனி உத்தரவுக்குக் கட்டுப்படுகிறார் என்று நன்னடத்தைப் பிணை. எந்த நீதிபதியும் காது கொடுத்துக் கேட்கும் அப்பீல் இது.

செலவுக்குச் சிரமம் என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், வருமான வரம்புக்குள் இருந்தால் ஆணுக்கும் இலவச வக்கீல் கிடைப்பார்.

மலைக்காற்று:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். 24-ஆவது நாள் அப்பீல் போட்டாகிவிட்டது. தண்டனையை நிறுத்திவைத்து போன திங்கள் உத்தரவு வந்தது, இரண்டு ஜாமீன்தாரர், அதோடு அண்ணி வேலை பார்க்கும் பக்கம் போகக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். 32,000-ஐ அம்மாவின் கம்மலை வைத்துக் கோர்ட்டில் கட்டினோம். குழந்தையைப் பார்க்க மத்தியஸ்த மையத்தில் மாதம் ஒரு நாளாவது ஏற்பாடு செய்யச் சொல்லி ஜி.டபிள்யூ.ஓ.பி. தயாராகிறது. அண்ணன் இப்போது வேறு ரூட்டில் பஸ் ஓட்டுகிறான். பழைய ரூட் அந்தக் கம்பெனி இருக்கும் தெரு வழியாகப் போகும், அவனே முதலாளியிடம் கேட்டு மாற்றிக்கொண்டான்.

செவ்வந்தி:
ரூட்டை மாற்றிக்கொண்டார் என்று படித்ததும் என்னவோ போல் இருந்தது. உங்கள் அண்ணிக்கு இது தெரிய வேண்டும், ஆனால் நீங்கள் சொல்லக் கூடாது. கோர்ட்டில் அவர் வக்கீல் மூலம் தெரிந்துகொள்ளட்டும்.

ஓய்வுபெற்ற கிளார்க்:
அபராதம் 5,000 கட்டினீர்கள் அல்லவா, அந்த ரசீது எங்கே? அப்பீல் ஜெயித்தால் திரும்ப வாங்க அதைக் கேட்பார்கள். வாய்தா தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ஜாமீன்தாரர்களின் போன் எண்ணையும். வராமல் விட்டால் பிடியாணை வந்துவிடும்.

மலைக்காற்று:
ரசீது அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது ஐயா, இன்றே போட்டோவும் எடுத்து வைக்கிறேன். அடுத்த வாய்தா 17-ஆம் தேதி. போய் வந்து எழுதுகிறேன்.